ராத்திரி 12 மணிக்கு கரகரக்கும் வேவ்மேக்கர்: சுவிட்சை அணைப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

பகல் முழுக்க அந்தச் சத்தம் உங்கள் காதில் விழவே இல்லை. லேப்டாப்பில் மீட்டிங், தெருவில் ஹாரன், பக்கத்து வீட்டில் மிக்ஸி. ராத்திரி 12 மணிக்கு லைட்டை அணைத்துவிட்டுப் படுத்த பிறகுதான் தெரிகிறது, ஹாலில் இருக்கும் மீன்தொட்டியிலிருந்து ஒரு கரகரப்பு. பெங்களூரிலோ புனேயிலோ ஒரு பெட்ரூம் வாடகை வீடு என்றால், ஹாலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு சுவர்தான். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கிறீர்கள். பிறகு எழுந்துபோய் வேவ்மேக்கர் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து தூங்கிவிடுகிறீர்கள். காலையில் பார்த்தால் மீன்கள் எல்லாம் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நிற்கின்றன.

எல்லாத் தொட்டியிலும் இப்படி நடக்காது. நடக்கிற தொட்டிகள் எவை, அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது, அதை நீங்களே எப்படிச் சரிசெய்வது என்று பார்க்கலாம். பெரும்பாலான நேரம் தேவைப்படுவது ஒரு பக்கெட், ஒரு பழைய டூத் பிரஷ், கொஞ்சம் வினிகர். அவ்வளவுதான்.

ராத்திரி அணைத்தால் என்ன ஆகும்?

அலை உண்டாக்குவது வேவ்மேக்கரின் வெளிவேலை. உண்மையான வேலை, அடியில் இருக்கும் தண்ணீரை மேலே கொண்டுவந்து காற்றோடு சேர்ப்பது. தொட்டிக்குள் ஆக்சிஜன் வருவதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதும் அந்த மேல்மட்டத்தில்தான். மேல்மட்டம் அசையாமல் கண்ணாடி மாதிரி நின்றுவிட்டால் இரண்டுமே மந்தமாகிவிடும்.

இதில் ராத்திரிக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. தொட்டியில் செடி வைத்திருந்தால், பகலில் ஆக்சிஜன் கொடுத்த அதே செடிகள் இருட்டில் மீன்களோடு சேர்ந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலையில்தான் அளவு மிகக் குறைவாக இருக்கும். வெயில் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராம். ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊர் வீடுகளில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தொடுவது சாதாரணம்.

உங்கள் ஃபில்டர் தனியாக ஓடிக்கொண்டிருந்து, அதன் தண்ணீர் மேல்மட்டத்தை நன்றாகக் கலக்குகிறது, மீன்களும் குறைவு என்றால் வேவ்மேக்கரை ஒரு ராத்திரி நிறுத்துவதால் பெரிய ஆபத்து இல்லை. மீன்கள் நெருக்கமாக இருக்கும் தொட்டி, செடி அடர்ந்த தொட்டி, பவளங்கள் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி, இந்த மூன்றிலும் நிறுத்தக்கூடாது. நிறுத்தியே ஆகவேண்டும் என்றால் அந்த ஒரு ராத்திரிக்கு ஏர் பம்ப்பும் ஏர் ஸ்டோனும் போட்டுவிடுங்கள். அதன் புளுபுளு சத்தத்தில் தூங்குவது இதைவிட எளிது.

உள்ளே இருப்பது ஒரே ஒரு சுழலும் பொருள்

வேவ்மேக்கரைப் பிரித்துப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பிளாஸ்டிக் கூட்டுக்குள், எபாக்ஸி பிசினில் முழுக்க மூடப்பட்ட கம்பிச்சுருள். அதன் நடுவே ஒரு குழி. குழிக்குள் விரல் நீளத்தில் உருளை வடிவ காந்தம். அதுதான் ரோட்டார். அதன் முனையில் விசிறி மாதிரி இம்பெல்லர். ரோட்டாரைத் தாங்க நடுவில் மெல்லிய செராமிக் ஷாஃப்ட், அதன் இரண்டு முனையிலும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் புஷ். கரன்ட் கம்பிச்சுருளில் மட்டும் ஓடும். காந்தம் தண்ணீருக்குள்ளேயே சுற்றும். இந்த மோட்டாருக்கு எண்ணெய் கிடையாது. சுற்றியிருக்கும் தண்ணீர்தான் எண்ணெய். அதனால்தான் தண்ணீர் இல்லாமல் சில நொடி ஓடவிட்டால்கூட புஷ் தேயத் தொடங்கிவிடும்.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, நேராக பிளக் பாயிண்டில் செருகும் ஏசி வகை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று மாறுதிசை மின்சாரம் என்பதால், இரண்டு முனைக் காந்தம் உள்ள சின்ன ஏசி பம்ப் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. அதோடு 100 ஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய 'ம்ம்ம்' எப்போதும் இருக்கும். அதைப் பழுது என்று நினைக்கவேண்டாம். இரண்டாவது, அடாப்டரும் கன்ட்ரோலரும் உள்ள டிசி வகை. இது வேகத்தைக் கூட்டிக் குறைக்க விடும், பொதுவாக அமைதியானது, விலை அதிகம்.

ஏசி வகையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆன் செய்த நொடியில் ரோட்டாருக்கு எந்தப் பக்கம் சுற்றுவது என்றே தெரியாது. இரண்டு பக்கமும் ஆடிப் பார்த்து, ஒரு சின்னத் தடுப்பில் முட்டித் திரும்பி, சரியான திசையைப் பிடிக்கும். ஆன் செய்யும்போது கேட்கும் ஒரு 'டக்' இதுதான். ஒன்றிரண்டு 'டக்' சரி. பத்து முறை தட்டுகிறது என்றால் உள்ளே ஏதோ தடுக்கிறது.

முதலில் பக்கெட்

பம்ப்பைப் பிரிப்பதற்கு முன், சத்தம் பம்ப்பிலிருந்து வருகிறதா, பம்ப்பைப் பிடித்திருக்கும் இடத்திலிருந்து வருகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமல் நல்ல பம்ப்பைத் தூக்கிப் போட்டவர்கள் நிறைய.

பிளக்கை உருவுங்கள். பம்ப்பை வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீரே நிரப்பிய ஒரு பக்கெட்டில் நன்றாக மூழ்கும்படி பொருத்துங்கள். உள்ளே மாட்டியிருக்கும் காற்று வெளியேற, தண்ணீருக்குள் வைத்தே ஒருமுறை திருப்பி ஆட்டிவிடுங்கள். கையை வெளியே எடுத்த பிறகு பிளக்கைச் செருகுங்கள். பிளாஸ்டிக் பக்கெட் கொஞ்சம் அதிரும், அதைக் கணக்கில் எடுக்கவேண்டாம். கரகரப்போ கடகடப்போ கேட்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். கேட்டால் கோளாறு பம்ப்புக்குள். கேட்கவில்லையா, பம்ப் நன்றாக இருக்கிறது. தொட்டியில் அது இருக்கும் இடம்தான் சரியில்லை.

இடம் சரியில்லை என்றால், பார்க்கவேண்டியவை இவை. கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கப் நாளாக நாளாகக் கல் மாதிரி இறுகி, அதிர்வை அப்படியே கண்ணாடிக்குக் கடத்தும். புதிய கப் வாங்கிப் போட்டால் தீர்ந்தது. காந்தப் பிடிமானம் என்றால், கண்ணாடிக்கும் காந்தத்துக்கும் நடுவில் உள்ள ரப்பர் அட்டை கிழிந்திருக்கிறதா, மணல் துகள் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பம்ப்பின் கூண்டு கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். ஒயர் மூடியில் உரசிக்கொண்டிருக்கலாம். மேலே வைத்த கண்ணாடி மூடியே தடதடக்கலாம். ஓடும்போது மூடியை வெளியிலிருந்து லேசாக விரலால் அழுத்தினால் சத்தம் நின்றுவிட்டால் அதுதான் ஆள். மரப் பெட்டி ஸ்டாண்ட் வயலின் பெட்டி மாதிரி சத்தத்தைப் பெருக்கும். கீழ் ஃபிளாட்காரர் புகார் சொல்கிறார் என்றால் பெரும்பாலும் அதிர்வு ஸ்டாண்ட் வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று அர்த்தம். தொட்டியின் அடியில் போடும் ஃபோம் ஷீட் இதைக் குறைக்கும். ஆனால் அதற்குத் தொட்டியைக் காலி செய்யவேண்டும் என்பதால், முதலில் பம்ப்பை வேறு கண்ணாடிப் பக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பொருள்

சர்ர்ர் என்று இழுத்து, நடுநடுவே புளுக் என்றால் அது காற்று. வெயில் காலத்தில், அதுவும் ஃபேனுக்கு அடியில் திறந்த தொட்டி என்றால், தண்ணீர் ஆவியாகி மட்டம் வேகமாக இறங்கும். பம்ப்புக்கு மேலே போதுமான தண்ணீர் இல்லாததால் மேல்மட்டத்தில் சின்னச் சுழல் உண்டாகி, அது காற்றை உள்ளே இழுக்கும். தண்ணீர் ஊற்றுங்கள், அல்லது பம்ப்பை ஓரிரு அங்குலம் இறக்குங்கள். பக்கத்தில் ஏர் ஸ்டோன் இருந்தால் அதன் குமிழ்களையும் பம்ப் விழுங்கும். தள்ளி வையுங்கள்.

கீச்கீச் என்று மெல்லிய சத்தம் என்றால் புஷ் சரியாக உட்காரவில்லை அல்லது தேய்ந்துவிட்டது. கடகட என்றால் ரோட்டார் நேராகச் சுற்றாமல் ஆடுகிறது. புஷ் கழன்றிருக்கலாம், செராமிக் ஷாஃப்ட் நடுவில் உடைந்திருக்கலாம். இரண்டு துண்டாக உடைந்த ஷாஃப்டோடு மாதக்கணக்கில் ஓடும் பம்ப்களும் உண்டு. ஓடுகிறதே தவிர குழியின் சுவரைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

கரகர என்பதுதான் மிகப் பொதுவான புகார். மணல், குட்டி நத்தையின் ஓடு, முடிப் பாசி, இவற்றில் ஏதோ ஒன்று உள்ளே போயிருக்கும். இல்லையென்றால் உப்பு படிந்திருக்கும்.

இந்த உப்பு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். போர்வெல் தண்ணீரையோ டேங்கர் தண்ணீரையோ நம்பியிருக்கும் அபார்ட்மென்ட்களில் வெந்நீர்க் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, பாத்ரூம் ஷவர் ஓட்டைகள் அடைகின்றனவே, அதே கால்சியம் கார்பனேட்தான் ரோட்டார் மேலும் ஷாஃப்ட் மேலும் படிகிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. பம்ப்பின் ரோட்டாருக்கும் குழிச் சுவருக்கும் இடையே இருக்கும் இடைவெளியோ ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அதில் உப்பு படிந்துகொண்டே போனால் உரசும். ஆவியானதை ஈடுகட்ட நீங்கள் ஊற்றும் ஒவ்வொரு குடம் தண்ணீரும் புதிதாகக் கால்சியத்தைக் கொண்டுவருகிறது. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர் மட்டும்தான். அதனால் குறைந்த தண்ணீரை ஈடுகட்ட மட்டுமாவது ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் படிவது குறையும்.

கடைசியாக, சத்தமே இல்லாமல், இம்பெல்லரும் சுற்றாமல், பம்ப் மட்டும் சூடாக இருந்தால்? அது நல்ல செய்தி இல்லை. ரோட்டார் இறுகி நின்றுவிட்டது, கம்பிச்சுருளில் மட்டும் கரன்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. உடனே பிளக்கை உருவிவிடுங்கள்.

கரன்ட் போனால் மட்டும் கத்துகிறதா?

மெயின் கரன்ட்டில் அமைதியாக இருந்த பம்ப், இன்வெர்ட்டருக்கு மாறியதும் 'ஜ்ஜ்ஜ்' என்று அலறினால், பம்ப்பைப் பிரிக்காதீங்க. விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்கள் கொடுக்கும் மின்சாரம் மேடுபள்ளமாக, படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும். சீலிங் ஃபேன் இன்வெர்ட்டரில் உறுமுவதற்கும் இதுதான் காரணம். ஏசி பம்ப்கள் இதில் உறுமும், கொஞ்சம் சூடாகவும் ஆகும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை. டிசி பம்ப்புக்கு அடாப்டர் நடுவில் இருப்பதால் பெரும்பாலும் பாதிப்பு தெரியாது.

கரன்ட் போய் வந்த பிறகு பம்ப் மறுபடி ஓடாமல் தட்டிக்கொண்டே இருப்பது வேறு கதை. ஓடிக்கொண்டிருக்கும்போது உப்புப் படிவையும் மீறிச் சுற்றும் ரோட்டார், நின்ற பிறகு தொடங்க முடியாமல் தவிக்கும். ஊருக்குப் போவதற்கு முந்தைய நாள் ஒருமுறை பிளக்கை உருவி, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி செருகிப் பாருங்கள். சட்டென்று ஓடவில்லை என்றால் கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.

வேகத்தைக் குறைத்தால் சத்தம் குறையும் என்று ஏசி பம்ப்பை ஃபேன் ரெகுலேட்டரில் இணைப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். அதன் வேகம் வோல்டேஜைப் பொறுத்தது இல்லை. ரெகுலேட்டரைக் குறைத்தால் பம்ப் மெதுவாகாது. திணறி நிற்கும், சூடாகும்.

கழற்றிக் கழுவுவது எப்படி?

தண்ணீரில் கை வைப்பதற்கு முன் வேவ்மேக்கர், ஹீட்டர், ஃபில்டர் எல்லாவற்றின் பிளக்கையும் உருவுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. சில பழைய வாடகை வீடுகளில் சுவிட்ச், ஃபேஸ் ஒயருக்குப் பதில் நியூட்ரலில் இணைக்கப்பட்டிருக்கலாம். அப்படி என்றால் அணைத்த பிறகும் உள்ளே கரன்ட் இருக்கும்.

பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு போட்டோ. முன்பக்கக் கூண்டைத் திருகினால் கழன்று வரும். இம்பெல்லரைப் பிடித்து நேராக வெளியே இழுங்கள். காந்தம் பிடித்துக்கொண்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். சாய்த்து இழுத்தால் ஷாஃப்ட் உடைந்துவிடும். சிங்க் ஓட்டையை முதலிலேயே அடைத்துவிடுங்கள். ரப்பர் புஷ் ஒரு பட்டாணி அளவுகூட இருக்காது. ஒருமுறை அது என் கண் முன்னால் வழுக்கிக்கொண்டு சாக்கடைக்குப் போனது, அந்தப் பம்ப்பும் அத்தோடு போனது.

குழாயடியில் கழுவி, டூத் பிரஷால் தேய்த்து, குழிக்குள் காது குடையும் பட்ஸ் விட்டுத் துடையுங்கள். வெள்ளைப் படிவு போகவில்லை என்றால் பாதி வெள்ளை வினிகர், பாதி தண்ணீர் கலந்து, பாகங்களை அரை மணி நேரம் ஊறவிடுங்கள். வினிகர் இல்லாவிட்டால் மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி. நுரைத்துக் குமிழ் வந்தால் சுண்ணாம்பு கரைகிறது என்று பொருள். குழிக்குள் கை எட்டாத இடத்துக்கு, பம்ப்பைத் திரும்பப் பூட்டி, அதே கரைசல் உள்ள பக்கெட்டில் அரை மணி நேரம் ஓடவிட்டால் நன்றாகச் சுத்தமாகும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, வெறும் தண்ணீரில் சற்று நேரம் ஓடவிட்டு, தொட்டியில் வையுங்கள்.

பாத்திரம் கழுவும் சோப் வேண்டாம். மிச்சம் இருந்தால் மீனுக்கு ஆகாது. பாத்ரூம் கழுவும் ஆசிட் காந்தத்தின் மேல்பூச்சை அரித்துவிடும். வினிகரையும் பிளீச்சையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகக் கலக்காதீங்க, குளோரின் வாயு வரும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் கூடவே கூடாது. தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் போட்டு ஆக்சிஜன் வரும் வழியை மூடிவிடும், ரப்பரையும் ஊதவைக்கும்.

கழுவும்போது காந்தத்தை உற்றுப் பாருங்கள். மேல்பூச்சில் விரிசல், பழுப்புத் துரு, ஒரு பக்கம் உப்பல், இதில் எது இருந்தாலும் அந்த ரோட்டாரைத் திரும்ப உள்ளே போடவேண்டாம். துருப்பிடித்த காந்தத்திலிருந்து தண்ணீரில் கலக்கும் உலோகம் இறால்களையும் பவளங்களையும்தான் முதலில் பாதிக்கும். உப்புநீர்த் தொட்டிகளில் இது சீக்கிரம் நடக்கும்.

நல்ல தண்ணீர் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, போர்வெல் தண்ணீர் என்றால் மாதம் அல்லது ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை இப்படிக் கழுவினால் போதும்.

கை வைத்தால் சுர்ரென்கிறதா?

சத்தத்தோடு, தண்ணீரைத் தொடும்போது லேசான சுர்ர் உணர்வும் இருந்தால் மேலே சொன்ன எதையும் செய்யவேண்டாம். கையை எடுங்கள், வீட்டின் எம்சிபியை இறக்குங்கள், பிறகு பிளக்குகளை உருவுங்கள். உள்ளே எபாக்ஸி விரிசல் விட்டிருக்கலாம், ஒயர் தோல் வெடித்திருக்கலாம், ஹீட்டர் கண்ணாடி உடைந்திருக்கலாம். எபாக்ஸி வெடித்த பம்ப்பை ஒட்டவைத்து ஓட்டுவது வேலைக்கு ஆகாது. குப்பைக்குத்தான்.

மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அலட்சியமாக இருக்கவேண்டாம். தரையில் நின்றுகொண்டு தண்ணீரைத் தொடும் உங்கள் வழியாகத்தான் கரன்ட் பூமிக்கு இறங்கும். வீட்டு மீட்டர் பெட்டியில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வீட்டு உரிமையாளரிடம் கேளுங்கள். இது மீன்தொட்டிக்கு மட்டுமல்ல, கீஸருக்கும் வேண்டியது. ஒயர்கள் எல்லாம் பிளக்குக்குப் போவதற்கு முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலேறட்டும். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. எக்ஸ்டென்ஷன் போர்டைத் தொட்டிக்கு நேர் கீழே தரையில் போடாதீங்க.

புதுசு வாங்கணுமா?

புஷ்ஷோ ஷாஃப்டோ மட்டும் போயிருந்தால் ரோட்டார் செட் தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பம்ப்பின் மேல் இருக்கும் மாடல் எண்ணை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். மும்பை கிராஃபோர்ட் மார்க்கெட், கொல்கத்தா காலிஃப் தெருவின் ஞாயிறு சந்தை மாதிரி இடங்களில் விசாரித்துப் பார்க்கலாம். பெயரே இல்லாத மாடலுக்கு உதிரிபாகம் கிடைப்பது கஷ்டம். வாங்கும்போதே இதைக் கேட்டுவிடுவது நல்லது.

அதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் தொட்டிக்கு வேவ்மேக்கர் தேவைதானா? இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத் தொட்டியில் சுமார் 55 லிட்டர் தண்ணீர்தான் பிடிக்கும். அதில் மணிக்கு 3,000 லிட்டர் தள்ளும் பம்ப் போட்டால் மொத்தத் தண்ணீரும் மணிக்கு 50 தடவைக்கு மேல் சுழலும். பவளத் தொட்டிக்கு அது நியாயம். பெட்டா, நீள்வால் கப்பி, கோல்டு ஃபிஷ் மாதிரி மீன்களுக்கு நாள் முழுக்க எதிர்நீச்சல். இந்த மாதிரி நன்னீர்த் தொட்டிகளில் ஃபில்டரின் வாயைக் கொஞ்சம் மேலே திருப்பி மேல்மட்டம் சலசலக்கும்படி வைத்தாலே போதும் என்பது என் கருத்து. சத்தம் போடும் பம்ப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு வாரம் காலையில் எழுந்ததும் மீன்கள் மேல்மட்டத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் செலவு மிச்சம்.

புதிது வாங்கினால், முதல் சில நாள் அதுவும் கொஞ்சம் சத்தம் போடும். புஷ்ஷும் ரோட்டாரும் பழகவேண்டும், உள்ளே ஒட்டியிருக்கும் காற்று வெளியேறவேண்டும். ஒரு வாரம் கழித்தும் கரகரத்தால், ராத்திரி அமைதியாக இருக்கும்போது போனில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து, பில்லோடு கடைக்கு எடுத்துப் போங்கள். கடையின் இரைச்சலில் ஓட்டிக் காட்டினால், "நல்லாத்தானே ஓடுது சார்" என்றுதான் சொல்வார்கள்.